சாமந்தி ரெண்டானது

தியாகலிங்கம் அந்தச் சபதத்தை எடுத்தது பெப்ரவரி மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில், இடியப்பத் தட்டின் முன்னால்.

“செப்டம்பர் முடியிறதுக்குள்ளை என்ரை கடல் சாமந்தியை ரெண்டாக்கிக் காட்டுறன்,” என்றார். வலது கையை உயர்த்தித்தான் சொன்னார். விரல்களில் சம்பல் ஒட்டியிருந்ததால் சபதத்துக்கு வேண்டிய கம்பீரம் கொஞ்சம் குறைந்துபோயிற்று.

எதிரில் இருந்த மனைவி அன்னபாக்கியம் சொதிச் சட்டியை அவர் பக்கம் தள்ளினாள். முப்பத்திரண்டு வருஷமாக அவருடைய சபதங்களைக் கேட்டு வருகிறவள். சிகரெட்டை விடுகிற சபதம், தினமும் நடக்கிற சபதம், வேலியைத் தானே கட்டுகிற சபதம் எல்லாவற்றையும் ஒரே முகத்தோடு கேட்டிருக்கிறாள்.

“ரெண்டாக்கினால்?”

“குஞ்சைப் பார்க்க ஆள் நிக்கவேணும். வெலிங்டனுக்கு வா எண்டு நீர் என்னைக் கேக்கப்படாது. நீர் மட்டும் போயிட்டு வாரும்.”

“ரெண்டாகாட்டில்?”

“நீர் சொல்லுற நாளிலை, நீர் சொல்லுற பிளேனிலை வாயைத் திறக்காமல் ஏறுறன்.”

“சரி,” என்றாள் அன்னபாக்கியம். “இன்னும் ரெண்டு இடியப்பம் போடட்டோ?”

விஷயம் இதுதான். மகள் ராகவி வெலிங்டனில் இருக்கிறாள். அவளுக்குப் போன ஒக்டோபரில் ஒரு ஆண் குழந்தை. இரண்டு மாதத்தில் கொண்டுவந்து காட்டிவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு தாத்தாவுக்கும் பேரனுக்கும் உறவு ஐபேட் திரையோடு சரி. வருகிற ஒக்டோபரில் முதல் பிறந்தநாள். அதற்குப் போகவேண்டும் என்று அன்னபாக்கியம் பெப்ரவரியிலேயே தொடங்கிவிட்டாள். தொட்டியை விட்டுவிட்டு வரமுடியாது என்று தியாகலிங்கமும் பெப்ரவரியிலேயே தொடங்கிவிட்டார்.

தொட்டி, நகரத்தின் தென்கோடியில் தகனினியில் இருந்த அவர்களுடைய வீட்டின் லவுஞ்சில், சோபாவை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு அதன் இடத்தில் இருந்தது. நானூறு லிட்டர் உப்புத் தண்ணீர். நடுவில் ஒரு பாறை. பாறையில் கடல் சாமந்தி. நாலு வருஷத்துக்கு முன் ஆல்பனியில் ஒரு வெள்ளைக்காரப் பேராசிரியர் நாடு மாறிப் போனபோது தியாகலிங்கத்துக்குக் கொடுத்துவிட்டுப் போனது. பேர் சாமந்தியே தவிர அது பூ அல்ல, உயிர்ப் பிராணி. ஒற்றைக் காலைப் பாறையில் ஊன்றி, தவிட்டுப் பச்சை விரல்களை விரித்து, விரல் நுனியில் ரோஜா நிறக் குமிழ்களோடு ஆடிக்கொண்டிருக்கும். தியாகலிங்கம் அதற்கு ராணி என்று பேர் வைத்திருந்தார். ஆண், பெண் என்று துணை தேடி அலைகிற சோலி அதற்கு இல்லை. மனம் வந்தால் தானே நடுவால் பிரிந்து இரண்டாகிவிடும். ராணிக்கு நாலு வருஷமாக மனம் வரவில்லை.

“உங்களுக்குச் சாமந்தியைப் பார்க்க நேரமிருக்கு,” என்பாள் அன்னபாக்கியம். “வெலிங்டனிலை இருக்கிற சம்பந்தியைப் பார்க்க நேரமில்லை.”

“சம்பந்தி ரெண்டு கிழமை சாப்பிடாட்டிலும் இருப்பார். அவரின்ரை உடம்புக்கு அது நல்லது. சாமந்தி அப்பிடியில்லை. தண்ணியிலை உப்பு ஒரு துளி கூடினாலும் போச்சு. என்னைத் தவிர வேற ஒருத்தராலையும் இதைப் பார்க்க ஏலாது.”

இது அவர் வெளியே சொன்ன காரணம். உள்ளே இன்னொன்று இருந்தது. ராகவியின் கலியாணத்துக்குப் போனபோது வெலிங்டன் காற்றில் பிளேன் இறங்கப் பார்த்து, முடியாமல் மேலே ஏறி, மறுபடி இறங்கப் பார்த்து, மறுபடி ஏறியது. மூன்றாம் தரம் தரையைத் தொட்டபோது தியாகலிங்கம் பக்கத்து சீட்டில் இருந்த முன்பின் தெரியாத ஒரு வெள்ளைக்கார அம்மாளின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் வந்தார், பதினோரு மணித்தியாலம், இடங்களைப் பார்த்துக்கொண்டு போகப்போகிறேன் என்று சொல்லி. போகும்போது பிளேனில் மறுபக்கத்து சீட்டில் இருந்த அன்னபாக்கியம் நித்திரை, அவள் ஒன்றையும் காணவில்லை என்பது அவருக்கு இருந்த ஒரே ஆறுதல்.

ஆகவே சாமந்தி இரண்டாகியே தீரவேண்டும்.

தியாகலிங்கம் வேலை செய்வது ஒரு பாண் சுடுகிற தொழிற்சாலையில், தரம் பார்க்கிற பகுதியில். பாணின் உயரம் இரண்டு மில்லிமீட்டர் குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுகிற மனுஷன். அந்தக் கவனம் முழுவதையும் ராணியின் மேல் திருப்பினார். தினமும் வேலைக்குப் போகுமுன் அடிமட்டத்தைக் கண்ணாடியில் வைத்து அளந்து கொப்பியில் எழுதினார். இன்று பதினெட்டு சென்ரிமீட்டர். நாளை பதினேழரை. நாளை மறுநாள் கோபம், சுருங்கிவிட்டது.

ஒரு மாதம் பொறுத்தார். பிறகு வெட்டுவது என்று முடிவெடுத்தார். சாமந்தியை வாய்க்கு நடுவால் இரண்டாக வெட்டினால் இரண்டு பாதியும் வளரும் என்று அவர் படித்திருந்தார். வளர்ப்பவர்கள் செய்கிற காரியம்தான். ஒரு சனிக்கிழமை மனைவியின் மரக்கறிப் பலகையை எடுத்து, புது சவர பிளேடு ஒன்றைக் கழுவி, ராணியைப் பலகையில் வைத்தார். மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் நின்ற அன்னபாக்கியம் கேட்டாள்:

“உது நோகாதோ?”

“மூளை இல்லாத சாமானப்பா.”

“நான் சாமந்தியைத்தான் கேட்டனான்.”

பிளேடு நடுவால் போகவில்லை. ஒரு பக்கமாகச் சறுக்கிப் போயிற்று. முக்கால் பங்கு ஒரு துண்டு, கால் பங்கு ஒரு துண்டு. முக்கால் பங்கு ராணி பாறைக்குக் கீழே போய் ஒளித்துக்கொண்டது. கால் துண்டு அடுத்த நாள் ஒரு பழைய சூயிங்கம் மாதிரி, அவர் அதைத் தனியாக விட்டிருந்த வாளியின் அடியில் கிடந்தது. தியாகலிங்கம் குனிந்து பார்த்தார், முகர்ந்து பார்த்தார், கொப்பியில் ஒரு கோடு போட்டார்.

“செத்துப்போச்சு. கொண்டுபோய் எங்கையாவது கொட்டும்.”

அன்னபாக்கியம் வாளியைத் தூக்கிக்கொண்டு பின்கதவால் போனாள்.

மிச்ச மாதங்களில் அவர் பட்ட பாட்டை யாரிடமும் சொல்லி அழ முடியாது. வெளிச்சம் போதாது என்று புது விளக்குப் போட்டார். ராணி பாறைக்குப் பின்னால் நகர்ந்தது. பாறையைத் திருப்பி வைத்தார். ராணி அடுத்த பக்கம் நகர்ந்தது. சாப்பாடு போதாது என்று தினமும் இறால் கொடுத்தார். ராணி விழுங்குவதும், விடியற்காலையில் அவர் கண் முன்னாலேயே அதைத் துப்புவதுமாக இருந்தது. கடைசியில் குற்றம் தண்ணீர்தான் என்று தீர்மானித்தார். பைக்கற் உப்பைக் கரைத்த தண்ணீரில் எந்த உயிருக்குப் பிள்ளை ஆசை வரும்? உண்மையான கடல் தண்ணீர் வேண்டும்.

அதன் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் நாலு வெறும் பிளாஸ்ரிக் கான்களைக் காரில் போட்டுக்கொண்டு மராயிட்டாய் கடற்கரைக்குப் போனார். ஜூலை மாதம், அந்த நாட்டில் நடுக்குளிர்காலம். காற்சட்டையை முழங்காலுக்கு மேல் மடித்து, இடுப்பளவு தண்ணீரில் நின்று கான்களை அமிழ்த்தினார். மடித்ததற்கு ஒரு பயனும் இல்லை. கரையில் தூண்டிலோடு நின்ற ஒரு மாவோரிப் பெரியவர் மரியாதையாக, ஏதும் அகப்பட்டதா என்று கேட்டார்.

“தண்ணி மட்டும்தான்,” என்றார் தியாகலிங்கம் ஆங்கிலத்தில்.

பெரியவர் கான்களைப் பார்த்தார். கடலைப் பார்த்தார். “இன்னும் நிறைய இருக்கு,” என்று ஆறுதல் சொன்னார்.

இடுப்பு நாரி பிடித்துக்கொண்டது. ஒரு கையால் நாரியைப் பிடித்தபடி புதுத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றினார். எடுத்த பழைய தண்ணீரைக் கொட்டுகிற வேலை வழக்கம்போல அன்னபாக்கியத்துக்கு. அவள் ஒரு வார்த்தை முணுமுணுக்காமல் வாளி வாளியாகப் பின்கதவால் கொண்டுபோனாள். இந்த ஒத்துழைப்பைக் கண்டு அவருக்கே மனம் இளகியது.

“உமக்கும் இதிலை ஒரு ஈடுபாடு வந்திட்டுது, என்ன?”

“ஓம்,” என்றாள். “இருந்திருந்து பார்க்க அதுவும் ஒரு வடிவுதான்.”

ஓகஸ்ட் போனது. செப்டம்பர் பாதி போனது. ராணி ஒன்றாகவே இருந்தது. வெலிங்டனில் காற்று மணிக்கு நூற்றிருபது கிலோமீட்டர், விமானங்கள் திரும்பிப் போயின என்று தொலைக்காட்சியில் சொன்னார்கள். தியாகலிங்கம் அதைப் பார்த்துக்கொண்டே தேத்தண்ணியை ஆறவிட்டார்.

அன்றுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. சாமந்தி இரண்டாகவேண்டும் என்பதுதான் பந்தயம். இரண்டாவது சாமந்தி எங்கேயிருந்து வரவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. இது ஏமாற்று அல்ல என்று தனக்குத்தானே மூன்று தரம் சொன்னார். அன்னபாக்கியம் குளிக்கப் போன நேரம் ஐபேட்டை எடுத்து இணையத்தில் தேடினார். ஒரு பக்கம் முழுக்க மீன்கள், பம்புகள், பழைய தொட்டிகள். சாமந்தி இருந்தது, ஆனால் சிவப்பு. இன்னொன்று வெள்ளை. நிறம் மாறினால் முதல் பார்வையிலேயே பிடிபட்டுப்போவார்.

நாலு நாள் தேடினார். ஐந்தாம் நாள் கண்டார். தவிட்டுப் பச்சை விரல்கள், ரோஜாக் குமிழ் நுனி. அச்சு அசல் ராணிதான், அளவு மட்டும் பாதி. இடம் வெஸ்ட்கேட். விலை கொஞ்சம் அதிகம். தியாகலிங்கத்துக்குக் கண் கலங்கியது. விடாமுயற்சி என்றைக்கும் வீண்போகாது என்று நினைத்தார்.

மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை. அன்னபாக்கியம் ரெஸ்ட் ஹோமில் காலை ஷிஃப்ட். அங்கே அவள் பதினொரு வருஷமாக வயதானவர்களைப் பராமரிக்கிற வேலை. மூன்று மணிக்குத்தான் வருவாள். தியாகலிங்கம் தகனினியில் மோட்டர்வேயில் ஏறி, நகரத்தை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் குறுக்கே கடந்து, வெஸ்ட்கேட்டின் புது வீடுகளுக்குள் மூன்று தரம் வழி தவறி, கடைசியில் ஒரு கதவைத் தட்டினார். முப்பது வயதுப் பெண் ஒருத்தி திறந்தாள். பேர் விக்னேஸ்வரி என்றாள். மலேசியத் தமிழ்.

“வாங்க அங்கிள். டேங்க் எத்தனை லிட்டர்?”

“நானூறு.”

“அனுபவம் இருக்கா?”

தியாகலிங்கம் தன் நாலு வருஷ அனுபவத்தைச் சொன்னார். பத்து நிமிஷம் ஆயிற்று.

“சரி. வீட்ல ஆன்டிக்குத் தெரியுமா?”

“ஏன் பிள்ளை?”

“ஒய்ஃபுக்குத் தெரியாம வாங்கிட்டுப் போறாங்க, அப்புறம் சண்டையாகித் திருப்பிக் கொண்டாராங்க லா. எனக்கு அந்தத் தொல்லை வேணாம்.”

“அவதான் வாங்கிக்கொண்டு வரச் சொன்னவ,” என்றார் தியாகலிங்கம், கண் இமைக்காமல்.

“ஆன்டி ரொம்ப நல்லவங்க போல.”

“ஓம். சொன்ன சொல்லைக் கேட்டு நடக்கிற ஆள்.”

விக்னேஸ்வரி திரும்பி நின்று கொஞ்ச நேரம் இருமினாள். பிறகு ஒரு பெரிய சிப்பியில் ஒட்டியிருந்த சாமந்தியைத் தண்ணீர்ப் பையில் போட்டுக் கொடுத்தாள். காசை வாங்கிக்கொண்டாள்.

இரண்டரை மணிக்குள் காரியம் முடிந்துவிட்டது. சிப்பியைப் பாறைக்குப் பக்கத்தில் செருகி, வெறும் பையைப் பக்கத்துத் தெருவின் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்து, தலை சீவி, சட்டை மாற்றிக்கொண்டு சோபாவில் இருந்தார். புதுச் சாமந்தி விரல்களை விரித்தது. நிறத்தில் ராணிக்கும் அதற்கும் ஒரு மயிரிழை வித்தியாசம் இல்லை.

அன்னபாக்கியம் வந்து கைப்பையை வைத்தாள்.

“இஞ்சை வாருமப்பா,” என்றார். “வந்து எண்ணும்.”

அவள் கண்ணாடியருகே குனிந்து பார்த்தாள். நிறைய நேரம் பார்த்தாள்.

“ஓம். ரெண்டு.”

“ரெண்டு,” என்றார் தியாகலிங்கம்.

“எப்பிடியப்பா நடந்தது?”

அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவேண்டாம். தியாகலிங்கம் பிரசவம் பார்த்த டொக்டர் மாதிரி விவரிக்கத் தொடங்கினார். பத்து மணிக்கு ராணி வாயைப் பிளந்தது. பதினொரு மணிக்கு இடுப்பு ஒடுங்கியது. பன்னிரண்டரைக்கு ஒரு கடைசி இழை மட்டும் மிச்சம், இரண்டும் இழுபடுகிறது, இழுபடுகிறது, பிறகு மெல்ல விட்டுவிட்டது. “அந்த நேரம் நீர் பக்கத்திலை இல்லையே எண்டு நினைச்சன்,” என்றார். குரல் உண்மையாகவே தழுதழுத்தது.

அன்னபாக்கியம், ரெஸ்ட் ஹோமில் தொண்ணூறு வயதுக்காரர்கள் போர்க்காலக் கதை சொல்லும்போது இருக்கிற மாதிரி, தலையை ஆட்டிக்கொண்டு கேட்டாள்.

“நல்லது. அப்ப நான் உங்களை வெலிங்டனுக்கு வா எண்டு கேக்கேலாது.”

“பந்தயம் பந்தயம்தானே.”

“சிப்பியும் அதுவே பெத்ததோ?”

தியாகலிங்கம் சிப்பியை மறந்துபோயிருந்தார். அந்த நேரம் பார்த்துப் பின்கதவு திறந்தது. பக்கத்து வீட்டு சாந்தா உள்ளே வந்தாள். மலேசியாவின் கிள்ளானிலிருந்து வந்து பதினைந்து வருஷம், கறிவேப்பிலைச் செடியைக் குளிரிலிருந்து காப்பாற்ற கராஜில் விளக்குப் போட்டு வளர்க்கிறவள். கையில் இறால் மிஞ்சிய ஒரு கிண்ணம்.

“அக்கா, நம்ம வீட்ல இருக்கிற மூணும் இன்னைக்குச் சரியாத் தின்னல. நாலாவது போயிட்டதுல ஏக்கம் போல,” என்றவள், தியாகலிங்கத்தைக் கண்டு, “சார், நல்லபடியா கொண்டாந்து சேத்துட்டீங்களா? விக்னேஸ்வரி என் அக்கா மக. ஃபோன் பண்ணினா,” என்றாள்.

தியாகலிங்கத்துக்குப் புரிய அரை நிமிஷம் பிடித்தது. அந்த அரை நிமிஷம் அவர் சாந்தாவையும், தொட்டியையும், மனைவியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வெட்டின துண்டு,” என்றாள் அன்னபாக்கியம் ஆறுதலாக. “நீங்கள் செத்துப்போச்சு எண்டீங்கள். எங்கடை ரெஸ்ட் ஹோமிலை, இனி இவ எழும்பமாட்டா எண்டு பிள்ளையள் கைவிட்ட எத்தினை பேர் அடுத்த செவ்வாய்க்கிழமை கஸ்ரட் கேட்டு வாங்கிச் சாப்பிட்டதை நான் பார்த்திருக்கிறன். வாளியிலை பார்த்தன், ஒரு விரல் அசைஞ்சுது. சாந்தாவின்ரை கராஜிலை மீன் செத்த தொட்டி ஒண்டு, ஹீட்டரோடை சும்மா கிடந்தது. கறிவேப்பிலை விளக்கும் இருந்தது.”

“தண்ணி?”

“கிழமைக்குக் கிழமை நீங்கள்தானே தந்தனீங்கள்.”

“நாலாச்சோ?”

“ஏப்ரலிலை ரெண்டு. ஓகஸ்டிலை நாலு. நாங்கள் ஒண்டும் செய்யேல்லை. சாப்பாடு குடுத்திட்டு அதுபாட்டிலை விட்டனாங்கள். நீங்கள் ராணியை ஒரு நாளாவது சும்மா விட்டனீங்களோ? விடிய எழும்பினால் அடிமட்டம்.”

“ஏப்ரலிலையே சொல்லியிருக்கலாம்.”

“சொல்லத்தான் வந்தனான். அண்டைக்கு நீங்கள் ராகவிக்கு ஐபேட்டிலை, உங்களைத் தவிர உலகத்திலை ஒருத்தராலையும் இதைப் பார்க்க ஏலாது எண்டு சொல்லிக்கொண்டிருந்தனீங்கள். குழப்பக்கூடாது எண்டு விட்டிட்டன். பிறகு போன கிழமை அதே ஐபேட்டைத் திறக்கிறன், பக்கம் முழுக்கச் சாமந்தி விளம்பரம். பாவம், நிறம் பொருந்தாமல் கஷ்டப்படுறீங்கள் எண்டுதான் எங்கடையிலை ஒண்டை விக்னேஸ்வரி வீட்டிலை வைச்சு விளம்பரம் போடச் சொன்னனான்.”

சாந்தா கிண்ணத்தை மேசையில் வைத்தாள். “நீங்க போயிட்டு வாங்க சார். ரெண்டு வாரம் என்ன, ரெண்டு மாசம்னாலும் நான் பாத்துக்கறேன். எனக்குப் பழகிப்போச்சு.”

தியாகலிங்கம் சோபாவில் உட்கார்ந்தார். ஒவ்வொரு கதவாகச் சாத்தப்பட்டுக்கொண்டு வந்ததை உணர்ந்தார். ஆனாலும் அவர் சபதம் எடுத்த மனிதர், இலேசில் விடமாட்டார். வெலிங்டன் காற்றைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிப் பார்க்கலாம் என்று வாயைத் திறந்தார்.

“காத்துக்குப் பயமெண்டு எனக்குத் தெரியும்,” என்றாள் அன்னபாக்கியம். குரலில் பகிடி இல்லை. “கலியாணத்துக்குப் போகேக்கை நான் நித்திரை கொள்ளேல்லை. நீங்கள் பிடிச்ச பிடியிலை அந்த அம்மாவின்ரை மோதிரம் வளைஞ்சு போச்சு. இறங்கினாப்பிறகு நான்தான் மன்னிப்புக் கேட்டனான். இந்த முறை என்ரை கையைப் பிடியுங்கோ. நான் மோதிரத்தைக் கழட்டி வைக்கிறன்.”

தியாகலிங்கம் தொட்டியைத் திரும்பிப் பார்த்தார். இரண்டு சாமந்திகளும் ஒரே பக்கமாகச் சாய்ந்து ஆடின. பேரன் நிற்கப் பழகிவிட்டான் என்று ராகவி போன கிழமை சொன்னது அவருக்கு நினைவு வந்தது. திரையில் காட்டுவதற்குள் ஒவ்வொரு முறையும் விழுந்துவிடுகிறானாம்.

கடைசியாக ஒரு வழி இருந்தது.

“வாறதுக்கு எனக்கு ஒண்டுமில்லையப்பா. ஆனால் பிறந்தநாளுக்கு இன்னும் பத்து நாள்தான் கிடக்கு. இப்ப போய் பிளேன் ரிக்கெற் எடுத்தால் விலை எக்கச்சக்கமாய் வரும். அதுதான் யோசிக்கிறன்.”

“ரிக்கெற் மத்தியானமே எடுத்தாச்சு,” என்றாள் அன்னபாக்கியம், அடுப்படிக்குப் போய்க்கொண்டே. “வெஸ்ட்கேட்டிலை நீங்கள் குடுத்த காசு உங்கடை சீட்டுக்குச் சரியாய் வந்துது.”